சீரியல் வயரில் விண்டோ ஓட்டிய அனுபவங்கள்

கொக்குவிலில் இருந்து:

வி.டி.340 டெர்மினல் என்பது பெரிய மெசினோடு வயரால் இணைத்துப் பாவிக்கும் திரையும் விசைப்பலகையும். அதில், லினக்ஸ் போன்ற மெசின்களில் விண்டோக்களைக் காட்டும் எக்ஸ் விண்டோ ஓடுமா என்று கேட்டால், ஓடும். வைத்து வேலை செய்யலாமா என்று கேட்டால் அதற்குக் கொஞ்சம் விரிவாகத்தான் சொல்ல வேண்டும்.

எங்களிடம் இருப்பது கொழும்பில் ஓர் அலுவலகம் கழித்துவிட்ட சாமான்களோடு லொறியில் வந்தது. டிஜிட்டல் என்ற கணினி நிறுவனம் 1987 இல் வெளியிட்ட மாடல். 800க்கு 480 புள்ளி, 4096 நிறங்களில் ஒரே நேரத்தில் 16 காட்டும். எழுத்து காட்டும், ரீஜிஸ் கட்டளைகளால் கோடும் வட்டமும் கீறும், சிக்ஸல் முறையில் படம் காட்டும். விண்டோ என்றால் என்னவென்று அதற்குத் தெரியாது. வெளியுலகத்தோடு உள்ள தொடர்பு பிட்டுகளை ஒன்றன்பின் ஒன்றாகக் கொண்டுபோகும் ஆர்.எஸ்.232 சீரியல் வயர் மட்டும்தான். உயர்தரத்தில் ஐ.சி.ரி. என்ற கணினிப் பாடம் படிக்கும் பிள்ளைகளுக்கு வகுப்பு எடுக்கும் அறையில் இதை வைத்திருக்கிறேன், ஏனென்றால் ஒரு திரைக்குள் படம் எப்படி வந்து சேருகிறது என்பதை இவ்வளவு மெதுவாக, இவ்வளவு தெளிவாகக் காட்டும் வேறு சாமான் என்னிடம் இல்லை.

செய்த முறை இதுதான். லினக்ஸ் மெசினில் எக்ஸ்.வி.எஃப்.பி. என்ற சேர்வரை ஓட்டினேன். அது உண்மையான திரை இல்லாமல் நினைவகத்திலேயே ஒரு திரையை வைத்திருக்கும். அந்தத் திரையைப் படமாக எடுத்து, கறுப்பு வெள்ளையாக்கி, சிக்ஸலாக மாற்றி வயரில் தள்ள வேண்டும். டெர்மினலில் அடிக்கும் விசைகளை எக்ஸ்.டூ.டூல் என்ற நிரல் மறுபக்கம் கொண்டுபோய்க் கொடுக்கும். மவுஸ் இல்லாதபடியால் சில விசைகளையே அம்புக்குறி நகர்வாக மாற்றிக் கொடுத்தேன்.

இப்போது கணக்கைப் பாருங்கள். சிக்ஸலில் ஒரு எழுத்து என்றால் மேலிருந்து கீழாக ஆறு புள்ளி. கேள்விக்குறி வந்தால் ஆறும் அணைந்திருக்கும், அலைக்குறி வந்தால் ஆறும் எரியும். 480 ஐ ஆறால் பிரித்தால் 80 பட்டை, பட்டைக்கு 800 எழுத்து, எல்லாமாக 64,000 எழுத்து. செக்கனுக்கு 9600 பிட் வேகத்தில் தொடக்க பிட், முடிவு பிட் சேர்த்து ஒரு எழுத்துக்கு 10 பிட் போகிறது; ஆகவே செக்கனுக்கு 960 எழுத்து. முழுத்திரை ஒன்றுக்கு 67 செக்கன். 19,200 இல் வைத்தாலும் 33 செக்கன், அதற்கு மேல் இந்த டெர்மினல் போகாது. நிறம் வேண்டுமென்றால் ஒவ்வொரு பட்டையையும் நிறத்துக்கு ஒரு தரமாகத் திரும்பத் திரும்ப அனுப்ப வேண்டும். நிறத்தை அன்றே கைவிட்டேன்.

காப்பாற்றுவது, ‘அடுத்த எழுத்தை இத்தனை தரம் போடு’ என்று சொல்லும் ஆச்சரியக்குறிதான். ஆச்சரியக்குறி, 100, கேள்விக்குறி என்று ஐந்து எழுத்து அனுப்பினால் நூறு வெற்று நெடுவரிசைகள் போட்டாயிற்று. வெறும் திரை என்றால் கண்மூடித் திறக்க முன் வந்துவிடும். ஆனால் ஒரே எழுத்து தொடர்ந்து வந்தால்தான் இந்தச் சுருக்கம் பலிக்கும். படத்தைக் கறுப்பு வெள்ளையாக்கும்போது சாம்பல் நிறத்துக்குப் பதிலாகப் புள்ளி தூவும் டிதரிங் இருந்தால் எல்லாம் கெட்டது. அதை நிறுத்தியே ஆகவேண்டும். பின்னணியை ஒரே நிறமாக வைக்க வேண்டும். எக்ஸில் விண்டோக்களுக்குத் தலைப்புப் பட்டி போட்டு நகர்த்தும் டி.டபிள்யூ.எம். (twm) பாவிக்கிறவர்கள் அதன் அமைப்புக் கோப்பில் ‘நோ டைட்டில் ஹைலைட்’ என்ற வரியைச் சேர்த்துவிடுங்கள். இல்லாவிட்டால் தெரிவு செய்த விண்டோவின் தலைப்புப் பட்டியில் அது புள்ளிக்கோலம் போட்டு வைக்கும், அந்தச் சின்னப் பட்டி மட்டும் தனியாகத் தவழ்ந்து வரும்.

அடுத்தது, மாறிய இடத்தை மட்டும் அனுப்புவது. இங்கே ஒரு நல்ல நுட்பம் இருக்கிறது. டெர்மினலில் எழுத்தின் உயரம் 20 புள்ளி, சிக்ஸல் பட்டை 6 புள்ளி. இரண்டும் பொருந்தும் மிகக் குறைந்த அளவு 60. ஆகவே திரையை 80க்கு 60 புள்ளித் துண்டுகளாகப் பிரித்தால் ஒவ்வொரு துண்டின் மூலையிலும் கர்சரைச் சரியாகக் கொண்டுபோய் நிறுத்தலாம். சுருக்கமே இல்லாவிட்டாலும் ஒரு துண்டு 800 எழுத்து, ஒரு செக்கனுக்குள் வந்துவிடும். புள்ளியின் நீள அகல விகிதத்தை ஒன்றுக்கு ஒன்று என்று முதலிலேயே சொல்லிவிட வேண்டும், சொல்லாவிட்டால் படம் இரண்டு மடங்கு உயரமாக நீளும். அடிவரிசைத் துண்டின் கடைசியில் அடுத்த பட்டைக்கான குறி போடக்கூடாது, போட்டால் திரை முழுதும் மேலே உருண்டுவிடும்.

இவ்வளவும் செய்தபின் மணிக்கூடு ஓடியது, கால்குலேட்டர் ஓடியது. பிள்ளைகளுக்குச் சரியான சந்தோசம். அப்புறம் எக்ஸ்டெர்மை, அதாவது எக்ஸுக்குள் ஓடும் எழுத்து டெர்மினலைத் திறந்து கோப்புப் பட்டியல் ஒன்றைக் கேட்டேன். வரி ஒன்று மேலே நகர்ந்தாலும் விண்டோவில் உள்ள அத்தனை துண்டும் மாறுகிறது, அத்தனையும் திரும்ப வயரில் வருகிறது. இவ்வளவுக்கும் அந்த டெர்மினல் தனியாக இருந்தால் ஒரேயொரு புதுவரிக் குறிக்கே திரையை அழகாக உருட்டத் தெரிந்தது. பின்வாங்கில் இருந்த பிள்ளை ஒன்று கேட்டது: “சேர், ‘A’ என்ற எழுத்து அதுக்கே தெரியுமெண்டால், நாங்கள் ஏன் அதைப் புள்ளி புள்ளியா அனுப்புறம்?”

என் கருத்தில் முழு விசயமும் அந்தக் கேள்விக்குள் இருக்கிறது. வயரின் வேகத்தை இரண்டு மடங்காக்கினால் காத்திருப்பு பாதியாகும், அவ்வளவுதான். விண்டோவைப் பற்றிய அறிவு வயரின் எந்தப் பக்கம் இருக்கிறது என்பதுதான் பாவிக்கலாமா இல்லையா என்பதைத் தீர்மானிக்கிறது.

நல்லூரில் இருந்து:

பிள்ளை கேட்ட கேள்விக்கு 1982 இலேயே பெல் ஆய்வுகூடத்தில் விடை செய்து வைத்தார்கள், தம்பி. ரொப் பைக்கும் பார்ட் லொகாந்தியும் செய்த பிளிட் டெர்மினல். 800க்கு 1024 புள்ளித் திரை, உள்ளே 68000 புரொசெசர். யுனிக்ஸ் மெசினில் இருந்து சின்ன நிரல்களைச் சீரியல் வயர் வழியாகவே டெர்மினலுக்குள் இறக்கி அங்கேயே ஓட்டுவார்கள். விண்டோவை நகர்த்துவது, மேலே கொண்டு வருவது எல்லாம் டெர்மினலின் வேலை. பைக் பிறகு எழுதிய சாம் எடிட்டர் இன்றும் இரண்டு பாதியாகத்தான் இருக்கிறது: திரையையும் மவுஸையும் கவனிக்கும் பாதி ஒரு பக்கம், கோப்பைத் திருத்தும் பாதி மறுபக்கம்.

நான் கையால் தொட்டது எம்.ஜி.ஆர். நடிகர் இல்லை, பெல்கோர் நிறுவனத்தில் ஸ்டீபன் உலர் எழுதிய விண்டோ சிஸ்டம். மனேஜர் என்பதன் சுருக்கம். 90களில் ஊரில் மின்சாரமே இல்லாத காலத்தில் நான் கொழும்பில் வேலை செய்தேன். அங்கே ஒரு 486 கணினியில் லினக்ஸும் எம்.ஜி.ஆரும் போட்டு, சீரியல் வயரால் பெரிய மெசினோடு இணைத்திருந்தோம். எம்.ஜி.ஆரில் எல்லாமே எஸ்கேப் குறியீடுகள். நிரல் தன் வெளியீட்டில் “இங்கேயிருந்து அங்கே கோடு கீறு” என்ற சில எழுத்துகளை எழுதினால் போதும், அது எந்த வயரில் வந்தாலும் விண்டோ கீறும். வலையமைப்பு தேவையில்லை. பெரிய மெசினில் தேவையான நூலகத்தை மட்டும் தொகுத்து வைத்தோம்.

எனக்கு மிகவும் பிடித்தது மெனு. நிரல் ஒரு தரம் மெனுவை அனுப்பி வைக்கும். தெரிவுகள், ஒவ்வொன்றையும் தெரிவு செய்தால் திருப்பி அனுப்ப வேண்டிய சொல், எல்லாம் அதற்குள் இருக்கும். அதற்குப் பிறகு மெனு விரிவது, நிறம் மாறுவது, மூடுவது எதுவும் வயரைத் தொடாது. நீங்கள் ஒன்றைத் தெரிவு செய்தால், நீங்களே விசைப்பலகையில் அடித்த மாதிரி அந்தச் சொல் மட்டும் திரும்பிப் போகும். 9600 இல் மெனு உடனே விரிந்தது. அதே வயரில் சிலிப் (சீரியல் வயரில் வலையமைப்பு ஓட்டும் முறை) போட்டு எக்ஸையும் ஓட்டினோம். கேள்வி கேட்டுப் பதிலுக்குக் காத்திருக்கும் பழக்கம் எக்ஸுக்கு அதிகம். ஒரு நிரல் தொடங்கி விண்டோ காட்டும்வரை எழுந்து போய் வரலாம். 1996 இறுதியில் வந்த எக்ஸ்11 ஆர்6.3 இல் எல்.பி.எக்ஸ். என்று மெதுவான வயருக்கே ஒரு வசதி சேர்த்தார்கள், அதற்குள் நான் அந்த இடத்தை விட்டுவிட்டேன்.

ஒன்றைக் கவனியுங்கள். எம்.ஜி.ஆர். விண்டோவுக்குள், சீரியல் வயரோடு பேசும் மினிகொம் என்ற நிரலைப் போட வேண்டாம். அது இடையில் நின்று குறியீடுகளைத் தானே விளங்க முயலும். சி.யூ. போன்று வந்ததை அப்படியே விடும் நிரல்தான் சரி.

பருத்தித்துறையில் இருந்து:

யூ.எஸ்.பி. சீரியல் அடாப்டர் போட்டால் என் வி.டி.340 இல் படத்தின் நடுவில் குப்பை எழுத்து கொட்டுகிறது, அண்ணை. பழைய மெசினின் சீரியல் போர்ட்டில் அப்படி இல்லை. என்ன காரணம்?

கொக்குவிலில் இருந்து:

சிக்ஸலைக் கீறும் வேகம் வயரின் வேகத்துக்கு ஈடுகொடுக்காது. வந்த எழுத்துகள் காத்திருக்கும் தாங்கி நிரம்ப வரும்போது டெர்மினல் எக்ஸ்-ஓஃப் அனுப்பி “நில்” என்கிறது. பழைய போர்ட்டில் அது உடனே கேட்கும். அடாப்டரில் அந்தச் செய்தி மெசினுக்குப் போய்ச் சேருமுன் சிப்புக்குள் ஏற்கெனவே குவிந்திருப்பது தொடர்ந்து வெளியே வரும், டெர்மினலில் இடம் போதாமல் எழுத்துகள் தொலையும். முடிவுக் குறி தொலைந்தால் எங்கே படம் முடிந்தது என்று அதற்குத் தெரியாது, அதுதான் குப்பை. எக்ஸ்-ஓஃப்பைத் தானே கவனித்து நிறுத்தும் சிப் உள்ள அடாப்டர்கள் இருக்கின்றன. அது கிடைக்காவிட்டால் ஒவ்வொரு துண்டுக்குப் பிறகும் டெர்மினலிடம் கர்சர் எங்கே என்று கேளுங்கள். பதில் வந்தால் அதுவரை அனுப்பியதை முடித்துவிட்டது என்று அர்த்தம், அப்புறம் அடுத்த துண்டு. நான் இப்போது அப்படித்தான் ஓட்டுகிறேன், குப்பை வரவில்லை.

நல்லூர் அண்ணை, எம்.ஜி.ஆரை இப்போதைய லினக்ஸில் ஓடும்படி மாற்றி வைத்திருக்கிறார்கள். வகுப்பில் ஒரு பழைய மடிக்கணினியில் போட்டு, வி.டி.340 இன் பக்கத்தில் வைத்து, இரண்டுக்கும் 9600 வயர் கொடுக்கப் போகிறேன். மெனு செய்யும் பழைய நிரல் ஏதும் உங்களிடம் இருந்தால் தாருங்கள், வீட்டுக்கே வந்து வாங்கிக்கொள்கிறேன். வி.டி.340 க்கான மவுஸ் யாரிடமாவது கிடந்தால் அதையும் சொல்லுங்கள்.