புதுப்பிப்பு: தூய டி செல்கள் மென் அகாரில் திரள்களாக வளராத சிக்கல் தீர்ந்தது

பிஎச்ஏ (டி செல்களைப் பெருகத் தூண்டும் தாவரப் புரதம்) சேர்த்த மென் அகாரில் (செல்களை வளர்க்கும் மென்மையான கூழ்), தூய்மைப்படுத்திய மனித டி செல்கள் (நோய் எதிர்ப்பு வெள்ளணுக்களில் ஒரு வகை) ஒரு திரளைக்கூட உருவாக்கவில்லை என்று சென்ற மாதம் கேட்டிருந்தேன். பதிலளித்த அனைவருக்கும் நன்றி. பலனளித்தது, தூய்மைப்படுத்தும்போது நீக்கிய மோனோசைட்டுகளை (வெள்ளணுக்களில் மற்றொரு வகை) அதே கொடையாளரிடமிருந்தே பிரித்து, கதிர்வீச்சுக்கு உட்படுத்தி, 5 சதவீத அளவில் திரும்பச் சேர்க்கச் சொன்ன யோசனைதான். பிஎச்ஏ டி செல் ஏற்பியைத் தூண்டினாலும், மோனோசைட்டின் மேற்பரப்பிலுள்ள சிடி86 போன்ற மூலக்கூறுகள் டி செல்லின் சிடி28 ஏற்பி வழியாகத் தரும் துணைச் சமிக்ஞை இன்றி, டி செல் தன் பெருக்கத்துக்குத் தேவையான இன்டர்லியூக்கின்-2 என்ற புரதத்தைப் போதிய அளவு சுரப்பதில்லை. இன்டர்லியூக்கின்-2ஐ மட்டும் வெளியிலிருந்து சேர்த்தும் பார்த்தேன். சிறு கொத்துகளுக்கு மேல் எதுவும் வரவில்லை.

நான் எதிர்பாராதது, மோனோசைட்டுகளை 20 சதவீதமாக உயர்த்தியபோது திரள்கள் குறைந்ததுதான். மோனோசைட்டுகள் வெளியிடும் புரோஸ்டாகிளாண்டின் இ2 என்ற வேதிப்பொருள் டி செல் பெருக்கத்தை அடக்கும் என்பதால், அதன் உற்பத்தியைத் தடுக்கும் இண்டோமெத்தசின் மருந்தைச் சேர்த்தேன். திரள்கள் பெருமளவு மீண்டன.