டிசபிலிட்டி மறுப்பு: ஃபெடரல் கோர்ட்டுக்குப் போனால் பலன் உண்டா?

எடிசன்வாசி:
வணக்கம். என் மனைவிக்கு முடக்குவாதம். பதினாலு வருடம் ஒரு லேபில் வேலை பார்த்தவள், இப்போது தோசைக்கரண்டியைப் பிடிக்கும் அளவுக்கு விரல் மடங்கவே காலை ஒன்பது மணியாகிவிடுகிறது. எஸ்எஸ்டிஐக்கு, அதாவது உடம்பு முடியாமல் வேலையை விட்டவர்களுக்கு அமெரிக்க சோஷியல் செக்யூரிட்டி அலுவலகம் கொடுக்கும் மாதத் தொகைக்கு, விண்ணப்பம் போட்டு, மறுத்து, மறுபரிசீலனையிலும் மறுத்து, விசாரணை வரை போனோம். பழைய வேலை முடியாதுதான், ஆனால் உட்கார்ந்து செய்யும் வேலைகள் செய்யலாம் என்று விசாரணை நடத்திய அந்த அலுவலகத்து நீதிபதி எழுதிவிட்டார். அதில் ஒன்று என்ன தெரியுமா, உறைகளில் முகவரி எழுதுவது! பேனாவே பிடிக்க முடியாதவளுக்கு. அதற்கு மேலே முறையிட்டதும் பலிக்கவில்லை, ஜூன் 3 தேதியிட்டுக் கடிதம் வந்துவிட்டது. இனி ஃபெடரல் கோர்ட்தானாம். போன மாதம் எடுத்த எம்ஆர்ஐ இருக்கிறது, அவளும் நேரில் வந்து கையைக் காட்டத் தயார். ஃபெடரல் கோர்ட் ஜட்ஜ் மனம் இரங்க மாட்டாரா? வக்கீல் செலவை நினைத்தால் வயிற்றைக் கலக்குகிறது.

பழைய_பேப்பர்:
முதலில் தேதியைப் பாருங்கள், மற்றதெல்லாம் அப்புறம். கடிதம் கைக்கு வந்ததிலிருந்து 60 நாள், தபாலுக்கு 5 நாள் சேர்த்துக்கொள்வார்கள். உங்களுக்கு ஆகஸ்ட் 7. கடைசி நாள் வரை இழுக்காதீர்கள்.

இரங்குவது பற்றி: அங்கே உங்கள் மனைவியை யாரும் பார்க்கப்போவதில்லை. ஜூரி கிடையாது, சாட்சி கிடையாது. விசாரணையில் சேர்ந்த காகிதங்கள் மொத்தமும் ஒரு கட்டாக வரும், அதை வைத்து மட்டும்தான் தீர்ப்பு. அவருக்கு உடம்பு முடியவில்லையா என்பது அங்கே கேள்வியே இல்லை. விசாரணை நீதிபதி எழுதிய காரணத்துக்கு அந்தக் கட்டுக்குள் போதிய ஆதாரம் இருக்கிறதா, சட்டப்படி எழுதினாரா, அவ்வளவுதான். போதிய என்பதும் பெரிய அளவு இல்லை, 2019 பியஸ்டெக் வழக்கில் சுப்ரீம் கோர்ட்டே அந்தப் படி உயரமானதல்ல என்று சொல்லிவிட்டது. புது எம்ஆர்ஐ நுழைய வேண்டுமானால் அது பழைய காலகட்டத்தைப் பற்றியதாக இருக்க வேண்டும், முடிவை மாற்றக்கூடியதாக இருக்க வேண்டும், முன்பே ஏன் கொடுக்கவில்லை என்பதற்கும் நல்ல காரணம் வேண்டும். அதை நம்பி இறங்காதீர்கள்.

ஆனால் அந்த உறை வேலை, அதை விடாதீர்கள். இந்த வேலைகளையெல்லாம் 1991க்குப் பிறகு புதுப்பிக்காத ஒரு தொழில் அகராதியிலிருந்து எடுக்கிறார்கள். 2024 ஜூனில் சோஷியல் செக்யூரிட்டி அலுவலகமே சில வேலைகளைப் பட்டியல் போட்டு, இவற்றைக் காட்டி மறுத்தால் இன்றைக்கும் அவை போதிய எண்ணிக்கையில் இருப்பதற்குத் தனியாக ஆதாரம் வேண்டும் என்றார்கள். முகவரி எழுதுவது அதில் இருக்கிறது. உங்கள் விசாரணை அதற்குப் பிறகா? இன்னும் எத்தனை வேலைகளைச் சொன்னார்கள் என்றும் பாருங்கள், மற்றது ஒன்று நின்றாலும் அவர்களுக்குப் போதும்.

டல்லாஸ்_அக்கா:
நான் வக்கீல் இல்லாமலே போட்டேன் தம்பி. கட்டணம் 405 டாலர், வருமானம் இல்லை என்று மனு கொடுத்துத் தள்ளுபடி வாங்கினேன். 2022 டிசம்பரில் வந்த தனி விதிகளால் புகார் மனு சின்னதாக இருந்தாலே போதும், எதிர்த்தரப்புக்கு சம்மன் அனுப்பும் வேலையும் நமக்கில்லை, கோர்ட்டே தகவல் கொடுத்துவிடும். கஷ்டம் அதற்குப் பிறகுதான். அவர்கள் கட்டைத் தாக்கல் செய்ததும் 30 நாளில் நம் வாதத்தை எழுத வேண்டும், என் கட்டு 900 பக்கம். ராத்திரி ராத்திரி உட்கார்ந்து படித்தேன். என் டாக்டர் எழுதியதை நீதிபதி ஏன் ஏற்கவில்லை என்று ஒரு வரி கூட விளக்கவில்லை என்பதைக் கண்டுபிடித்தேன், அதிலேதான் ஜெயித்தேன். ஜெயித்தேன் என்றால் பணம் வந்துவிடவில்லை, திரும்ப விசாரணைக்கு அனுப்பினார்கள், பெரும்பாலும் அதுதான் கிடைக்கும். இன்னொரு வருடம் போயிற்று.

பழைய_பேப்பர்:
அக்காவுக்கு ஒரு சலாம், ஆனால் எல்லோராலும் முடியாது. வக்கீல்கள் பலர் இதில் முன்பணம் கேட்பதில்லை. ஜெயித்தால் நிலுவைத் தொகையில் 25 சதவீதத்துக்கு மேல் கோர்ட் தராது. அரசுத் தரப்பு நியாயமில்லாமல் வாதாடியது என்று ஆனால் அரசே கட்டணம் கொடுக்கும், இரண்டும் வந்தால் சின்னதை வக்கீல் உங்களிடம் திருப்பித் தர வேண்டும்.

வழக்கு நடக்கும்போதே புது விண்ணப்பமும் போடலாம், எம்ஆர்ஐயை அங்கே கொடுங்கள். வேலையை விட்டு ஐந்து வருடம் தாண்டினால் வேலை பார்த்ததால் கிடைத்த எஸ்எஸ்டிஐ இன்சூரன்ஸ் காலம் முடிந்துவிடலாம், அதை மட்டும் பாருங்கள்.

எடிசன்வாசி:
விசாரணை போன அக்டோபரில்தான் அண்ணா. இப்போதுதான் உட்கார்ந்து படித்தேன், மூன்று வேலைகள் சொல்லியிருக்கிறார்கள். ஏழாம் பக்கத்தில் டாக்டர் கடிதம் பற்றி ‘ஏற்கத்தக்கதாக இல்லை’ என்று ஒரே வரி, காரணம் எதுவும் இல்லை. அக்கா, உங்களுக்கும் இப்படித்தான் இருந்ததா?