விண்டோஸ் 11 போட ஈமெயில் எதுக்கு? மெயில் இல்லாம அந்த மிஷின்லயே தொறக்குற லோக்கல் அக்கவுண்ட் போதாதா?

சத்துவாச்சாரி_செராக்ஸ்:
கலெக்டர் ஆபீஸ் பக்கம் செராக்ஸ், டிடிபி கடை வச்சிருக்கேன். நேத்து அணைக்கட்டு பக்கத்துல இருந்து ஒரு ரிட்டயர்டு வாத்தியார், பேத்திக்கு வாங்கின புது லேப்டாப்ப எடுத்துனு வந்தாரு. விண்டோஸ் 11 ஹோம், அதாவது வீட்டுக்கான பதிப்பு. ஆன் பண்ணா மொதல்ல வைஃபை குடுங்குது, அப்புறம் மைக்ரோசாஃப்ட் கணக்கு குடுங்குது, வேணாம்னு சொல்ல ஒரு பட்டனே இல்ல. அவராண்ட இருக்கிறது பட்டன் போனு, ஈமெயில்னா இன்னான்னு கேக்குறாரு. நாப்பத்தஞ்சாயிரம் குடுத்து வாங்கின பொருள தொறக்க இன்னொருத்தன் பர்மிஷனா? அந்த காலத்துல டைப்ரைட்டிங் கத்துக்க போனப்ப மிஷின் நம்ம பேர கேட்டுச்சா? 2021-ல 11 வந்தப்ப ஹோமுக்கு மட்டும்தான் இந்த கட்டாயம், 2022-ல 22எச்2-ங்கிற அப்டேட் வந்ததும் சொந்த உபயோகம்னு போட்டா ப்ரோங்கிற ஆபீஸ் பதிப்புக்கும் வச்சிட்டாங்க. யாராச்சும் வழி சொல்லுங்கப்பா.

ஆம்பூர்_அக்கவுண்ட்ஸ்:
ஒரு ஈமெயில் போடறதுக்கு இவ்ளோ புலம்பலா அண்ணே. நான் ஷூ கம்பெனில அக்கவுண்ட்ஸ் பாக்குறேன். போன மார்ச்சு கடைசி வாரம், வருஷக் கணக்கு முடிக்கிற நேரம், லேப்டாப்ல பயாஸ் (மிஷின் ஆன் ஆனதும் மொதல்ல ஓடுற ப்ரோக்ராம்) அப்டேட் ஆயிடுச்சு, காலைல ஆன் பண்ணா நீல ஸ்கிரீன்ல பிட்லாக்கர்னு டிஸ்க்க பூட்டுற வசதியோட கீ 48 இலக்கம் போடுங்குது. எனக்கு கை காலே ஓடல. அப்புறம் போன்ல என் மைக்ரோசாஃப்ட் கணக்குக்குள்ள போனா கீ அங்கயே இருந்துச்சு, பத்து நிமிஷத்துல கணக்கு எழுதுற டேலி சாஃப்ட்வேர தொறந்துட்டேன். லோக்கல் அக்கவுண்டுனா நான் யார்கிட்ட போய் நிக்கிறது?

காட்பாடி_மெக்கானிக்:
தங்கச்சி, லோக்கல் அக்கவுண்டா இருந்தா அந்த பூட்டே முழுசா விழாது. 24எச்2 அப்டேட்டுல இருந்து புதுசா போடுற சிஸ்டத்துல டிஸ்க்க பூட்டுற என்க்ரிப்ஷன் தானா ஆரம்பிக்குது, ஆனா மைக்ரோசாஃப்ட் கணக்குல நுழைஞ்சு கீ அங்க போய் சேந்தப்புறம்தான் பூட்டு பூட்டும். அது வரைக்கும் பூட்டுலயே சாவி தொங்கினு இருக்கும், அதனால 48 இலக்கம் கேக்குற பேச்சே வராது.

செராக்ஸ் அண்ணே, முன்ன எல்லாம் ஷிஃப்ட் எஃப்10 அமுக்கி பைபாஸ்என்ஆர்ஓ-ன்னு அடிச்சா போதும், ரீஸ்டார்ட் ஆகி இன்டர்நெட் இல்லன்னு ஒரு வழி காட்டும். 2025 மார்ச்சுல டெஸ்ட் வெர்ஷன்ல இருந்து அத எடுத்தாங்க, ஜனங்க வேற கமாண்டு கண்டுபுடிச்சாங்க, அக்டோபர்ல அதுக்கும் ஆப்பு. இப்ப நான் பண்றது, விண்டோஸ பென்டிரைவுல ஏத்துற ரூஃபஸ்ங்கிற சாஃப்ட்வேர்தான். பென்டிரைவ் ரெடி பண்ணும்போது ஆன்லைன் கணக்கு வேணாம்னு ஒரு டிக் இருக்கும், அத போட்டுட்டு இன்ஸ்டால் பண்ணும்போது நெட்ட கழட்டி வச்சிருங்க. ப்ரோவா இருந்தா சொந்த உபயோகம்னு போடாம ஆபீஸ், ஸ்கூல் உபயோகம்னு போட்டு, சைன் இன் ஆப்ஷன்ல டொமைன் ஜாயின்னு இருக்கிறத தொட்டாலே லோக்கல் பேரு கேக்கும்.

ஆம்பூர்_அக்கவுண்ட்ஸ்:
சாவி தொங்குற பூட்ட பெருமையா வேற சொல்றீங்க. லேப்டாப்ப பஸ்ல விட்டுட்டு எறங்கினா? டிஸ்க்க கழட்டி வேற சிஸ்டத்துல மாட்டினா போட்டோ, ஆதார் காப்பி, பேங்க் ஸ்டேட்மென்ட்டு எல்லாம் சந்தைக்கு வந்துரும். அந்த புள்ள காலேஜுக்கு தெனம் தூக்கினு போற மிஷினு அது.

காட்பாடி_மெக்கானிக்:
அது நெசம்தான், இல்லன்னு சொல்லல. ஆனா நான் பாத்த கேஸ் ஒன்னு சொல்றேன். ஆரணி பக்கம் தறி வச்சிருக்கிற ஒரு அண்ணன், பையனுக்கு லேப்டாப் வாங்கினாரு. அவருக்கு மெயில் இல்ல, அதனால வித்த கடைல இருந்த பையனே அவசரத்துக்கு தன் போன் நம்பர போட்டு ஒரு கணக்கு தொறந்து குடுத்துட்டான். எட்டு மாசம் கழிச்சு மதர்போர்டு மாத்த வேண்டி வந்துச்சு. மாத்தினதும் அதே நீல ஸ்கிரீன். கீ எங்க இருக்கு? கடைக்காரப் பையன் கணக்குல. அவன் வேலைய வுட்டு போயி நம்பரையும் மாத்திட்டான். கடைல கேட்டா எங்களுக்கு சம்பந்தமில்லன்றாங்க. கடைசில ஃபார்மட்டு, புள்ளயோட ப்ராஜெக்ட் எல்லாம் போச்சு. தங்கச்சி, உனக்கு கணக்கு உன் பேர்ல இருந்துச்சு, நீ தப்பிச்ச. மெயிலே இல்லாதவன்கிட்ட கணக்கு கட்டாயம்னா அது எவனாச்சும் ஒருத்தன் பேர்லதான் போய் முடியும்.

குடியாத்தம்_மிண்ட்:
இவ்ளோ பேசறதுக்கு விண்டோஸுக்கு பதிலா ஓசில கெடைக்கிற லினக்ஸ் மிண்ட் போட்டுட்டு போலாம். பேரு, பாஸ்வேர்டு, அவ்ளோதான் கேக்கும். டிஸ்க்க பூட்டணும்னா இன்ஸ்டால் பண்ணும்போதே பாஸ்வேர்டு வச்சு பூட்டிக்கலாம், சாவி நம்மகிட்டயே. 22 வெர்ஷனுக்கு 2029 வரைக்கும் அப்டேட் வரும்.

ஆம்பூர்_அக்கவுண்ட்ஸ்:
வந்துட்டாருய்யா. டேலி ஓடுமா சார்?

குடியாத்தம்_மிண்ட்:
விண்டோஸ் ப்ரோக்ராம லினக்ஸ்ல ஓட்ட ஒயின்னு ஒரு சாஃப்ட்வேர் இருக்கு, அதுல முயற்சி பண்ணலாம்

சத்துவாச்சாரி_செராக்ஸ்:
ஒயின்ல கணக்கு எழுதினா ஆடிட்டர் ஒத்துக்குவாரா தம்பி 😀 நெசமாவே எனக்கு மிண்ட் புடிக்கும், ஆனா டிடிபி ஃபைல் எல்லாம் பேஜ்மேக்கர் காலத்துல இருந்து விண்டோஸ்ல கெடக்கு. கடைல பழைய விண்டோஸ் 10 சிஸ்டம் ஒன்னு ஓடுது, அதுக்கு 2025 அக்டோபர் 14-ஓட சப்போர்ட் முடிஞ்சிடுச்சு. 2026 அக்டோபர் 13 வரைக்கும் பாதுகாப்பு அப்டேட் மட்டும் தரேன்னாங்க, சரி முப்பது டாலர் கட்டிரலாம்னு போனா அதுக்கும் மைக்ரோசாஃப்ட் கணக்குல நுழையணுமாம். காசு குடுக்குறவன்கிட்டயும் கணக்கு கேட்டா இன்னா பண்றது? அப்புறம் அந்த ஒன்டிரைவு, மைக்ரோசாஃப்டோட இன்டர்நெட் ஸ்டோரேஜ். டெஸ்க்டாப்ப தூக்கினு போயி அங்க வைக்கும், ஓசில குடுக்கிறது 5 ஜிபி, கல்யாணப் பத்திரிக்கை டிசைன் நாலு போட்டா ரொம்பிரும்.

ஆம்பூர்_அக்கவுண்ட்ஸ்:
ஒன்டிரைவ அணைச்சு வைக்கலாம் அண்ணே, அதுக்கும் கணக்குக்கும் முடிச்சு போடாதீங்க. ஆரணி கதைய கேட்டப்புறம் ஒன்னு மட்டும் ஒத்துக்கறேன், வேணாம்னு ஒரு பட்டன் வச்சிருக்கணும். ஆனா இந்த வாத்தியார் பேத்திக்கு லோக்கல் போடாதீங்க. அந்த பொண்ணு பேர்ல, அது நம்பர்லயே மெயில் போடச் சொல்லுங்க, உங்க கடை நம்பர குடுத்துறாதீங்க.

காட்பாடி_மெக்கானிக்:
அதுல நுழைஞ்சு பூட்டு விழுந்ததும் செட்டிங்ஸ்ல போயி லோக்கல் அக்கவுண்டா மாத்திக்கலாம், பூட்டு அப்படியே இருக்கும், கீயும் அந்த கணக்குலயே இருக்கும். மாத்தறதுக்கு முன்னாடி கீய ஒரு பேப்பர்ல எடுத்துக்கங்க. இன்னொன்னு, மெயில் போட்டு செட்டப் பண்ணா யூசர் ஃபோல்டருக்கு மெயில்ல இருந்து மொத அஞ்சு எழுத்த வெட்டி பேரு வைக்கும், அப்புறம் மாத்தறது பெரிய தொல்ல. மெயில் பேர பாத்து வைக்க சொல்லுங்க.

சத்துவாச்சாரி_செராக்ஸ்:
சரிப்பா, சனிக்கிழமை பேத்தியோட வரச் சொல்லி போன் பண்ணிட்டேன். 48 நம்பர எழுதி எங்க சார் வைப்பீங்கன்னு கேட்டேன், வீட்டுப் பட்டா இருக்கிற கவர்லன்னாரு. ரெண்டு காப்பி எடுத்து தரேன்னு சொல்லிருக்கேன், அதுக்கு காசு வாங்க மாட்டேன்.

குடியாத்தம்_மிண்ட்:
அந்த பழைய 10 சிஸ்டத்துக்காச்சும் மிண்ட் போடுங்கண்ணே, நானே பென்டிரைவோட வரேன்

சத்துவாச்சாரி_செராக்ஸ்:
வா தம்பி. சாயங்காலமா வா, மத்தியானம் இந்த வெயில்ல ஃபேன் இல்லாம நானே ஹேங் ஆயிட்றேன்.