சிவப்பைத் தேடி ஆறு வாரங்களை வீணாக்கினேன்: கைக்குழந்தைகளின் தோல் பற்றிய அனுபவப் பகிர்வு

பொங்கோலில் வசிக்கும் ஒரு தாய்

என் மகனுக்கு நான்கு மாதம் நிறைந்த சமயத்தில் அவனுடைய இரு கன்னங்களிலும் முன்கைகளின் வெளிப்புறத்திலும் ஒருவிதச் சொரசொரப்பு தோன்றியது. எங்கள் வீவக (சிங்கப்பூர் வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டின் படுக்கையறை மேற்கு பார்த்தது. பிற்பகலில் அங்கே பெரியவர்களுக்கே உடல் கசகசக்கும் என்பதால், இது வேர்க்குருதான் என்று எண்ணி அறையைக் குளிரூட்டிப் பவுடர் போட்டு வந்தேன். ஊரிலிருந்து வந்திருந்த என் மாமியார் குழந்தையைத் தூக்கிய உடனேயே, "இது கரப்பான், மருத்துவரிடம் காட்டம்மா" என்றார். கரப்பானுக்கு ஆங்கிலத்தில் எக்சிமா என்று பெயர்; நான் கைப்பேசியில் அப்படித் தேடிப் பார்த்தேன். வந்த படங்களில் எல்லாம் வெளுத்த தோலில் செக்கச்செவேல் என்ற திட்டுகள் இருந்தன. என் மகனின் மாநிறத் தோலில் சிவப்பென்று சொல்லும்படி எதுவும் இல்லாததால், மாமியார் சொன்னது தவறு என்று நானே தீர்ப்பெழுதிவிட்டு, மேலும் ஆறு வாரங்கள் பவுடரையே நம்பியிருந்தேன். பவுடர் தோலை இன்னும் உலர்த்தும் என்பதோடு, அதன் தூள் குழந்தையின் நுரையீரலுக்கும் ஆகாது என்பதைப் பின்னர்தான் அறிந்தேன்.

தடுப்பூசிக்காகப் பலதுறை மருந்தகத்துக்கு (பாலிகிளினிக்) சென்றிருந்தபோது, அங்கிருந்த மருத்துவர் குழந்தையைப் பார்ப்பதற்கு முன்பே புறங்கையால் அவன் கன்னத்தைத் தடவினார். மாநிறத்திலும் கறுப்புத் தோலிலும் அழற்சி பெரும்பாலும் சிவப்பாகத் தெரியாது என்றும், சுற்றியுள்ள தோலைவிடக் கருத்தோ, ஊதா கலந்த பழுப்பாகவோ, சாம்பல் பூத்தாற்போலவோ தெரியும் என்றும், சில குழந்தைகளுக்கு மயிர்க்கால்களைச் சுற்றிச் சிறு சிறு புள்ளிகளாகவே எழும்பும் என்றும் அவர் விளக்கினார். வேர்க்குரு, வியர்வை தேங்கும் கழுத்து மடிப்பிலும் முதுகிலும் வந்து, உடல் குளிர்ந்தால் சில நாள்களில் அடங்கிவிடும். எக்சிமாவோ வறண்ட இடங்களில் வந்து, அடங்குவதும் மீண்டும் கிளம்புவதுமாக இருக்கும். கைக்குழந்தைக்குக் கன்னத்திலும் கைகால்களின் வெளிப்புறத்திலும் இருக்கும் இது, வளர வளர முழங்கை, முழங்கால் மடிப்புகளுக்கு இடம் மாறும். டயப்பர் மூடியிருக்கும் பகுதி மட்டும் ஈரமாகவே இருப்பதால் பெரும்பாலும் தப்பிவிடும். இந்த ஒரு குறிப்பை யாராவது எனக்கு முன்பே சொல்லியிருந்தால், டயப்பரை அவிழ்த்துப் பார்த்த அன்றே எனக்கு ஐயம் தோன்றியிருக்கும்.

சிகிச்சை எளியதாகத்தான் இருந்தது. அதைச் சரியாகச் செய்வதுதான் கடினமாக இருந்தது. வெதுவெதுப்பான நீரில் ஐந்து முதல் பத்து நிமிடங்களுக்குள் குளியல், சோப்புக்குப் பதிலாக நுரையாத கழுவு கிரீம், துண்டால் தேய்க்காமல் ஒற்றி எடுத்துவிட்டு ஈரம் காய்வதற்குள் உடல் முழுவதும் ஈரப்பதக் களிம்பு. களிம்பை நான் நகைக்கடையில் பொன்னை நிறுப்பதுபோல் அளந்து பூசிக்கொண்டிருந்தேன். ஒரு குழந்தைக்கு வாரத்துக்குக் கால் கிலோ வரையிலும்கூடத் தேவைப்படலாம் என்று தாதி சொன்னபோது சிரிப்பதா திகைப்பதா என்று தெரியவில்லை. அழற்சி உள்ள இடங்களில் மட்டும் பூசுவதற்கு 1 விழுக்காடு ஹைட்ரோகார்ட்டிசோன் என்ற, அழற்சியை அடக்கும் ஸ்டீராய்டு மருந்தை எழுதித் தந்தார்கள். ஸ்டீராய்டு என்ற சொல்லைக் கேட்டதும் என் கணவர் அஞ்சினார். அந்த அச்சத்தால் பட்டும்படாமலும் இரண்டு நாள் பூசி, சற்றுத் தணிந்ததும் நிறுத்தினோம். ஒரு வாரத்தில் முன்னைவிட மோசமாகத் திரும்பியது. மறுமுறை சென்றபோதுதான் அளவைக் கற்றுக்கொண்டோம்: பெரியவரின் ஆள்காட்டி விரல் நுனியிலிருந்து முதல் ரேகை வரை குழாயிலிருந்து பிதுக்கும் மருந்து ஏறத்தாழ அரை கிராம், அது விரல்களோடு சேர்த்துப் பெரியவரின் இரண்டு உள்ளங்கை அளவு பரப்புக்குப் போதும். நாளுக்கு எத்தனை முறை, எத்தனை நாள் என்பதை மருத்துவர் சொன்னபடியே முடித்தோம், தோல் மிருதுவானது.

ஆறிய இடங்களில் வெளிறிய திட்டுகள் எஞ்சின. மருந்துதான் நிறத்தைத் தின்றுவிட்டது என்று உறவினர்கள் கூறினார்கள். அழற்சியே நிறத்தை மாற்றும் என்பதும், அது திரும்பச் சில மாதங்கள் ஆகும் என்பதும் எங்கள் மகன் விஷயத்தில் உண்மையாயிற்று.

செங்காங்கில் வசிக்கும் ஒரு தந்தை

தங்கள் வீட்டில் ஸ்டீராய்டுக்கு அஞ்சி நோயை வளர்த்தீர்கள். எங்கள் வீட்டில் ஸ்டீராய்டு என்று தெரியாமலேயே பூசி வளர்த்தோம். மூன்று வயது மகளின் வயிற்றில் ஒரு வெள்ளிக்காசு அளவில் வட்டமான திட்டு தோன்றியது. விளிம்பு மேடிட்டு, நடுப்பகுதி தெளிந்திருந்தது. படர்தாமரை என்று என் அத்தை சரியாகவே சொன்னார். ஆனால் அவர் ஊரிலிருந்து கொண்டுவந்திருந்த குழாயில் பூஞ்சைக் கொல்லி, நுண்ணுயிர்க் கொல்லி, வலுவான ஸ்டீராய்டு மூன்றும் கலந்திருந்தன. இரண்டே நாளில் அரிப்பு நின்றதால் அனைவரும் மகிழ்ந்தோம். மூன்றாவது வாரத்தில் அந்த வட்டம் விளிம்பிழந்து, எந்த நோய் என்றே அடையாளம் தெரியாத கருந்திட்டாகத் தொடை வரை இறங்கியிருந்தது.

மண்டலே சாலையிலுள்ள தேசியத் தோல் நிலையத்தில் தோலைச் சுரண்டி நுண்ணோக்கியில் பார்த்துப் பூஞ்சை என்று உறுதிசெய்தார்கள். ஸ்டீராய்டு அழற்சியை அடக்கிவிடுவதால் நோய் தணிந்ததுபோல் தோன்றும்; பூஞ்சையோ தடையின்றிப் பரவும். பூஞ்சைக் கொல்லியை மட்டும் பல வாரங்கள் பூசிய பிறகே குணமானது. 'இயற்கை மூலிகை' என்ற பெயரில் குழந்தைகளுக்கென இணையத்தில் விற்கப்பட்ட சில கிரீம்களில் சொல்லப்படாத ஸ்டீராய்டு இருந்ததாகச் சுகாதார அறிவியல் ஆணையமும் எச்சரித்திருக்கிறது. அதிவிரைவாகக் குணமாக்கும் கிரீமைக் கண்டால் இப்போது எனக்கு நன்றி தோன்றுவதில்லை, ஐயமே தோன்றுகிறது.

ஜூரோங் வெஸ்ட்டிலிருந்து ஒரு பாலர் பள்ளி ஆசிரியை

காலையில் வாசலில் குழந்தைகளின் வெப்பநிலையை அளந்து, கைகளையும் வாயையும் பார்ப்பது என் அன்றாட வேலை. கை, கால், வாய்ப்புண் நோயின் கொப்புளங்கள் உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் தெளிவாகத் தெரியும். அங்கே எல்லாருடைய தோலும் வெளிறியிருப்பது எங்களுக்கு உதவி. ஆனால் எக்சிமா உள்ள குழந்தைக்கு இந்நோய் வரும்போது, கொப்புளங்கள் எக்சிமா இருந்த இடங்களிலேயே குவிந்து, பெற்றோர் அதைப் பழைய நோய் கிளம்பியதாக எண்ணிக் குழந்தையை அனுப்பிவிடுவதைக் கண்டிருக்கிறேன். குணமாகிச் சில வாரங்கள் கழித்து நகங்கள் கழன்றதைக் கண்டு பதறிய தாயும் உண்டு. புதிய நகம் தானே வளர்ந்தது.

மூக்கைச் சுற்றித் தேன் நிறப் பொருக்கு கட்டியிருந்தால் அது பாக்டீரியாத் தொற்று. சிகிச்சை தொடங்கி ஓரிரு நாள் ஆகும்வரை குழந்தையை வீட்டில் வைத்திருப்பது நல்லது. இரவில் மட்டும் அரிப்பு கூடி, விரலிடுக்கில் சிறு தடிப்புகள் இருந்து, வீட்டில் மற்றவர்களும் சொறிந்துகொண்டிருந்தால் அது சிரங்குப் பூச்சியாக இருக்கலாம். அப்போது அரிப்பு இல்லாதவர்கள், இல்லப் பணிப்பெண் உட்பட அனைவரும் ஒரே நாளில் மருந்து பூசிக்கொள்ள வேண்டும். ஒரு குடும்பம் பணிப்பெண்ணை மட்டும் விட்டுவிட்டு, பின்னர் நோய் திரும்பியதும் அவர்மீதே பழியைப் போட்டது. அந்த வருத்தம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

இன்னொன்று: நம் குழந்தைகள் பலருக்கு இடுப்பிலும் பிட்டத்திலும் பிறவியிலேயே நீலச்சாம்பல் படலம் இருக்கும், சில ஆண்டுகளில் மங்கிவிடும். அடிபட்ட காயம் என்று தவறாக எண்ணப்படக்கூடும் என்பதால், சேர்க்கும் நாளிலேயே அதை எங்களிடம் காட்டிவிடுங்கள்.

பிடோக்கிலிருந்து ஒரு பாட்டி

பேரனின் இடுப்பில் அரைஞாண் கயிறு எப்போதும் ஈரமாகவே இருந்து, அதன் கீழே தோல் வெந்துவிட்டது. கழற்றியதும் ஆறிற்று. டயப்பர் புண்ணுக்குத் துத்தநாகக் களிம்பு போதுமாக இருந்தது. ஒருமுறை மட்டும் தொடை மடிப்புக்குள்ளேயும் புகுந்து, சுற்றிலும் தனித்தனிப் பொட்டுகளாகச் சிதறியிருந்தது. அது பூஞ்சை என்று மருத்துவர் வேறு மருந்து தந்தார். கத்தரிக்காய், கடலை, முட்டை என்று கரப்பான் பண்டங்களை எல்லாம் என் மருமகளின் உணவிலிருந்து நீக்கச் சொன்னது நான்தான். மருத்துவர் சொல்லாமல் அப்படி நீக்கக் கூடாதாம், ஒப்புக்கொள்கிறேன்.

ஈசூனில் வசிக்கும் ஒரு தாய்

மேலே உள்ளவற்றில் இல்லாத ஒன்றை எழுதுகிறேன். எக்சிமா உள்ள என் பதினொரு மாத மகளை, உதட்டில் காய்ச்சல் கொப்புளம் இருந்த உறவினர் ஒருவர் அன்போடு முத்தமிட்டார். சில நாள்களில் அவளுடைய கன்னத்தில், கூரிய கருவியால் துளையிட்டதுபோல் ஒரே அளவிலான சிறு புண்கள் நெருக்கமாகத் தோன்றின. காய்ச்சல் ஏறியது, பால் குடிக்க மறுத்தாள். வழக்கமான எக்சிமாவில் அவள் சொறிவாள். இம்முறை தொட்டாலே வலியால் அலறினாள். அந்த வேறுபாடு ஒன்றுதான் என்னை அன்றிரவே கேகே மகளிர், சிறார் மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குக் கிளம்பச் செய்தது. உறவினரின் உதட்டுக் கொப்புளத்தை உண்டாக்கும் அதே ஹெர்ப்பிஸ் கிருமி எக்சிமாவில் பரவியிருந்தது. காலம் தாழ்த்தினால் கண்ணையும் பாதிக்கக்கூடியது என்று கூறி, உடனே நரம்பு வழியாக மருந்து செலுத்தத் தொடங்கினார்கள். அன்றும் அவள் கன்னத்தில் சிவப்பு தெரியவில்லை.

பொங்கோலில் வசிக்கும் தாய், மீண்டும்

ஈசூன் தாயே, உங்கள் பதிவைப் படித்ததும் மகனின் கன்னத்தைத் தடவிப் பார்த்தேன். இப்போது அவனுக்கு இரண்டு வயது. முழங்கை மடிப்பில் லேசான சொரசொரப்பு திரும்பியிருக்கிறது. ஒரே சன்னலோரத்தில், ஒரே நேரத்தில், விளக்கைப் போடாமல் நாள்தோறும் ஒரு படம் எடுத்துவைக்கிறேன்; வியாழக்கிழமை மருத்துவரிடம் அந்தப் படங்களைக் காட்டவிருக்கிறேன்.