கோட்டையூர் சேகரிப்பு ரோஜா முத்தையா நூலகம் ஆனது எப்படி?

வைகைக்கரை:
மதுரை தெற்கு மாசி வீதியில் இடிக்கப்போகும் வீடு. பரணில் நாலு டிரங்குப் பெட்டி நிறைய நாடக நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகை, அட்டை போன புத்தகங்கள். எடைக்குப் போடச் சொல்கிறார்கள். ரோஜா முத்தையா நூலகமே இப்படிப்பட்ட காகிதத்தில் வளர்ந்ததுதானாமே? சிகாகோ எப்படி உள்ளே வந்தது? பெட்டிகளை என்ன செய்யலாம்?

செட்டிநாட்டான்:
எடைக்குப் போட்டுவிடாதீர்கள் தம்பி. ரோஜா முத்தையா என்பவர் செட்டிநாட்டுக் கோட்டையூர் முத்தையா செட்டியார்தான். சென்னையில் விளம்பரப் பலகை எழுதும் தொழிலில் இருந்தவர். மூர் மார்க்கெட் பழைய புத்தகக் கடைகளில் வாங்க ஆரம்பித்து, கடைசியில் கோட்டையூர் வீடே நூலகமாகிவிட்டது. சுமார் 1,00,000 உருப்படி. அதில் புத்தகம் பாதிதான். மீதி இதழ், நோட்டீஸ், அழைப்பிதழ், கடிதம், பத்திரிகை நறுக்கு. யார் ராஜபார்ட், எந்தக் கொட்டகை, தரை டிக்கெட் எத்தனை அணா என்பதெல்லாம் நோட்டீஸோடு போனால் போனதுதான். அதை மதித்துச் சேர்த்ததே அவருடைய பெருமை.

1992ல் காலமானார். 1994ல் சிகாகோ பல்கலைக்கழகம் சேகரிப்பை மொத்தமாக வாங்கியது. மூலங்கள் தமிழ்நாட்டிலேயே இருக்கும், மைக்ரோபிலிம் (பக்கங்களைச் சிறிதாக்கிப் படமெடுத்த பிலிம் சுருள்) நகல் மட்டும் சிகாகோவுக்குப் போகும் என்று ஏற்பாடு. நூலகம் சென்னையில் முதலில் முகப்பேர், இப்போது தரமணி. பிரித்துப் பிரித்து விற்றிருந்தால் தேடிச் சேர்க்க இன்னொரு ஆயுள் வேண்டும்.

ஏட்டுச்சுவடி:
பெட்டிக்கு வருவோம். வெயிலில் பரப்பாதீர்கள், மரக்கூழ்க் காகிதம் பழுப்பேறி அப்பளமாய் நொறுங்கும். மடிப்பை வலிந்து பிரிக்க வேண்டாம். பெட்டியில் இருந்த வரிசையிலேயே எண் போட்டுப் போட்டோ எடுங்கள். எது எதோடு கிடந்தது என்பதும் சான்றுதான். மென்தூரிகையால் புத்தகத்தின் முதுகிலிருந்து வெளிப்பக்கமாகத் தூசி தட்டுங்கள். துருப்பிடித்த குண்டூசியை இழுக்காமல், அடியில் பிளாஸ்டிக் துண்டு செருகி நெம்பி எடுங்கள். செல்லோ டேப் கூடாது, பசை ஊறிக் கறையாகும். லாமினேஷன் அதைவிட மோசம், திரும்பப் பிரிக்கவே முடியாது. அந்துருண்டை வாசனை பூச்சியை விரட்டலாம், முட்டையை ஒன்றும் செய்யாது. பூச்சி இருந்தால் பாலிதீன் பையில் காற்றை வெளியேற்றி ஒட்டி, மைனஸ் 18 டிகிரி டீப் பிரீசரில் இரண்டு வாரம்.

வைகைக்கரை:
பிரீசரில் வைத்தால் ஈரம் கோக்காதாக்கா?

ஏட்டுச்சுவடி:
வெளியே எடுத்ததும் பையைப் பிரித்தால் கோக்கும். ஒரு நாள் முழுக்க அப்படியே மூடி வையுங்கள். நீர் பையின் வெளிப்புறத்தில்தான் படியும், துடைத்துவிட்டுத் திறக்கலாம். அதற்குள் தலைப்பு, ஊர், அச்சகம், ஆண்டு எழுதிய பட்டியல் தயாராக இருக்கட்டும். 1901ல் பாண்டித்துரைத் தேவர் தொடங்கிய தமிழ்ச் சங்கம் நம்மூரிலேயே இருக்கிறது. அங்கேயும் தரமணியிலும் பட்டியலைக் காட்டிக் கேளுங்கள். நாலு பெட்டியும் ஒரே இடத்துக்குப் போகட்டும்.