லண்டனில் இருந்து யாழ்ப்பாணம் திரும்பினால் பென்ஷன் என்னவாகும்?

கேள்வி: அம்மாவுக்கு 68 வயது. பிரிட்டிஷ் அரச ஓய்வூதியம் எடுக்கிறார், இனி ஊரோடுதான் இருப்பேன் என்கிறார். பணம் அங்கேயும் வருமா? வைத்தியச் செலவு?

பதில் 1: வரும், ஆனால் ஏறாது. போகும்போது வாரம் எவ்வளவோ அதுவேதான் தொடர்ந்து வரும், ஏப்ரலில் இங்கே கூட்டுவது இலங்கையில் இருப்பவருக்கு இல்லை. இந்தியா, கனடா, ஆஸ்திரேலியாவுக்கும் இதே விதி, அமெரிக்கா, ஐரோப்பிய ஒன்றிய நாடுகள் போன்ற சில இடங்களில் இருந்தால் மட்டும் வருஷா வருஷம் ஏறும். உழைத்துக் கட்டியவர்களுக்குப் பெரிய அநியாயம் இது.

பதில் 2: என்எச்எஸ் (பிரிட்டனின் அரச மருத்துவ சேவை) இங்கே குடியிருப்பதை வைத்துத்தான், நிரந்தரமாகப் போனால் அந்த உரிமையும் போய்விடும். சீனி, பிரஷர் இருந்தால் மாத்திரைச் செலவை இப்போதே கணக்குப் பாருங்கள்.

பதில் 3: அப்புறம், உயிரோடு இருப்பதை உறுதிப்படுத்தும் படிவம் தபாலில் வரும். சாட்சிக் கையெழுத்தோடு திருப்பி அனுப்பாவிட்டால் பணத்தை நிறுத்திவிடுவார்கள், அதனால் ஊர் முகவரியை முதலிலேயே சரியாகக் கொடுத்துவிடுங்கள்.