இதயத்துக்கு ஸ்டென்ட்டும் முடியாது, பைபாஸும் முடியாது என்றார்கள். லேசர் செய்துகொண்டவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

அப்பாவுக்கு பைபாஸ் ஆகிப் பல வருடம் ஆகிறது, சர்க்கரையும் உண்டு. இப்போது குளித்துவிட்டு முதுகைத் துடைத்தாலே நெஞ்சைப் பிடிக்கிறது, சாப்பிட்டு எழுந்தால் நாக்குக்கு அடியில் சார்பிட்ரேட் மாத்திரை. ஆஞ்சியோ பார்த்த டாக்டர், ரத்தக்குழாய் நுனிவரை மெலிந்துவிட்டது, ஸ்டென்ட் வைக்கவோ ஒட்டுப்போடவோ இடமில்லை என்கிறார். ரனோலசின், நிகோரண்டில் என்று நெஞ்சுவலி மாத்திரைகள் எல்லாம் ஓடுகிறது. லேசரால் இதயத்தில் ஓட்டை போட்டால் வலி போய்விடும் என்று சித்தப்பா சொல்கிறார். நம்பலாமா?

*

என் மாமனாருக்கு நியூ ஜெர்சியில் செய்தார்கள். இடப்பக்க விலா இடுக்கில் திறந்து, இதயம் துடிக்கும்போதே செய்வது, இதயத்துக்குப் பதிலாக ரத்தத்தைச் சுற்றவிடும் ஹார்ட் லங் மெஷின் கிடையாது. ஆபரேஷன் முடிந்த மறுநாளே வலி போய்விடும் என்று நினைத்திருந்தோம், அப்படி இல்லை, தையல் வலியே பெரும்பாடாக இருந்தது, நெஞ்சுவலி மெல்ல மெல்லத்தான் குறைந்தது. அப்புறம் கடைக்கு நடந்து போய் வந்தார், மாத்திரை டப்பாவைத் தேடுவது குறைந்தது. மாத்திரைகளை நிறுத்தச் சொல்லவில்லை. ஆயுளைக் கூட்டும் என்று சர்ஜன் ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை, அந்த நேர்மைக்காகவே அவரைப் பிடித்தது.

*

ஆபரேஷன் தியேட்டரில் வேலை பார்த்தவன் என்பதால் சொல்கிறேன். இடது வென்ட்ரிக்கிள், அதாவது இதயத்தின் இடது கீழறையின் சுவரில் ஏறக்குறைய 1 மி.மீ. அகலத்தில் 20 முதல் 40 துளைகள் போடுவார்கள். கார்பன் டை ஆக்சைடு லேசர் என்றால் ஈசிஜியோடு ஒத்து, இதயம் ரத்தத்தால் நிறைந்திருக்கும் கணத்தில் மட்டும் சுடும், எக்கோ (இதய ஸ்கேன்) திரையில் குமிழி தெரிந்தால் துளை உள்வரை போய்விட்டது என்று அர்த்தம். வெளிப்பக்கம் சர்ஜன் விரலால் கொஞ்ச நேரம் அழுத்தினால் ரத்தம் நின்றுவிடும்.

இந்த யோசனையில் நம் நாட்டுக்கும் பங்கு உண்டு. மும்பை கேஇஎம் மருத்துவமனையில் டாக்டர் பி.கே.சென் குழு 1960களிலேயே இதயத் தசையில் ஊசியால் குத்திப் பார்த்தது. பாம்பின் இதயத்தில் அறைக்குள் இருக்கும் ரத்தமே நேராகத் தசைக்குப் போகிறதே, நமக்கும் அப்படிச் செய்தால் என்ன என்பதுதான் கணக்கு. ஆனால் மனித இதயத்தில் அந்தத் துளைகள் சீக்கிரமே மூடிக்கொள்கின்றன! பிறகு வலி ஏன் குறைகிறது என்றால், வலி நரம்பு கருகுகிறது என்கிறார்கள், புதுக் குழாய் முளைக்கிறது என்கிறார்கள், சண்டை இன்னும் தீரவில்லை.

*

மேலே சொன்னதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவில் 1998இல் அனுமதி கிடைத்தது, 1999இல் வந்த ஓர் ஆய்வில் லேசர் செய்தவர்களில் 76 சதவீதம் பேருக்கு ஓராண்டில் வலி, நான்கு படியாக அளப்பதில், இரண்டு படியாவது குறைந்தது, மருந்து மட்டும் எடுத்தவர்களில் 32 சதவீதம். கேட்க அமர்க்களமாக இருக்கும். ஆனால் யாருக்கு லேசர், யாருக்கு மருந்து என்பது நோயாளிக்கே தெரியுமே! தொடை வழியாகக் கம்பி விட்டுச் செய்யும் லேசரில், செய்வதுபோல் பாவனை மட்டும் காட்டிய குழுவையும் வைத்துப் பார்த்தபோது இரண்டுக்கும் வித்தியாசமே வரவில்லை. சிகிச்சைகளை மதிப்பிடும் பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2009இல், நெஞ்சைத் திறந்து செய்வது, தொடை வழியாகச் செய்வது என்ற இரண்டு முறையுமே வேண்டாம் என்றது. ஆகவே யாராவது "சின்ன ஊசி ஓட்டைதான் சார், தொடை வழியா முடிச்சிடலாம்" என்றால் கும்பிடு போட்டு வந்துவிடுங்கள்.

*

என் அம்மாவுக்கும் இதே நிலைமைதான், நாங்கள் இஇசிபி என்ற, ஆபரேஷன் இல்லாத சிகிச்சை பக்கம் போனோம். காலிலும் தொடையிலும் பட்டை கட்டி, இதயம் ஓய்வெடுக்கும் நொடியில் காற்றால் இறுக்குவார்கள், தினம் ஒரு மணி நேரம், மொத்தம் 35 மணி நேரம் என்பது வழக்கம். அம்மாவுக்குத் தொடை சிவந்துபோய் முதல் வாரம் ஒரே புலம்பல், இப்போது கோயில் பிரகாரம் ஒரு சுற்று வருகிறார். எல்லோருக்கும் ஒத்துவரும் என்று சொல்ல மாட்டேன். அப்பாவுக்கு அயோர்டிக் வால்வில் (இதயத்திலிருந்து ரத்தம் வெளியேறும் வாசலில்) கசிவோ, கால் ரத்தக்குழாயில் ரத்தக்கட்டோ இருந்தால் இது கூடாது, எக்கோ ரிப்போர்ட்டையும் கால் டாப்ளர் ஸ்கேனையும் கையோடு எடுத்துப் போங்கள்.